சிபில் அறிக்கையில் சாதிக்குக் கட்டம் இல்லை

வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்



என் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். வட மாவட்டக் கிராமங்களில் பெண்கள் வாங்கும் குழுக் கடன்தான் என் ஆய்வு. ஆனால் அதற்கு முன் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கட்டுரையில் அதற்கு இடம் கிடைக்காது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தம்பிக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. அப்பா இல்லை. அம்மாவுக்கு நூறுநாள் வேலை, அது இல்லாத நாளில் களையெடுப்பு. கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது, மாதா மாதம் வருமானம் வருகிறவர் ஒருவர் இணைக் கடன்தாரராக வேண்டும் என்றார் மேலாளர். நான் இருக்கிறேன் என்றேன். ஆய்வு உதவித்தொகை வாங்குகிறவள், எங்கள் தெருவிலேயே முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் முதல் ஆள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என் பான் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். "உங்க சிபில் 612 தான் இருக்கு மேடம், சிஸ்டம் எடுத்துக்காது" என்றார். குரலில் கோபம் இல்லை, ஏளனம் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். அம்மா என்னைப் பார்த்தார். "நீ என்னடி பண்ண?" என்று வெளியே வந்து கேட்டார்.

நான் என்ன செய்தேன்? அதற்கு முந்தைய ஆண்டு எனக்கு வர வேண்டிய உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. ஆய்வு மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், விளக்க வேண்டியதில்லை. தவணையில் ஒரு லேப்டாப் வாங்கியிருந்தேன். நாலு மாதம் கடன் வாங்கிக் கட்டினேன். அடுத்த மூன்று மாதம் கட்ட முடியவில்லை. பணம் வந்த அன்றே அபராதத்தோடு முழுவதையும் கட்டி முடித்தேன். அதோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீரவில்லை. கடன் அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும், கடந்த 36 மாதங்களுக்கு. ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் மூன்று பூஜ்யம். தவறினால் எத்தனை நாள் தாமதமோ அந்த எண். என் அறிக்கையில் வரிசையாகப் பூஜ்யங்கள், நடுவில் 30, 61, 91, பிறகு மறுபடியும் பூஜ்யங்கள். ஏழு மாதம் எனக்குப் பணம் தராமல் இருந்தவர்களின் தாமதம் எந்த அறிக்கையிலும் இல்லை. அவர்களுக்கு ஸ்கோரும் இல்லை. அவர்கள் தாமதித்ததால் நான் தாமதித்த மூன்று மாதங்கள் மட்டும் என் பெயரில் பதிவாகியிருக்கின்றன.

இந்த அறிக்கையை யார் எழுதுகிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் 'சிபில்' என்று பொதுப்பெயராகச் சொல்வது 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் பெயர். இன்று அது டிரான்ஸ்யூனியன் சிபில். அதுபோக எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் உரிமத்தோடு இயங்குகின்றன. 2005இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நம் கணக்கு விவரத்தை இவற்றுக்கு அனுப்புகின்றன. இவை 300க்கும் 900க்கும் இடையில் ஓர் எண்ணைத் தருகின்றன. கடன் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது வங்கிதான், நாங்கள் தகவல் மட்டுமே தருகிறோம் என்று இவை சொல்லும். வங்கியிடம் கேட்டால் சிஸ்டம் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும். முடிவெடுத்த ஆள் யார் என்று கடைசிவரை தெரியாது.

இதில் ஒரு நிறுவனத்தின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். ஈக்விஃபேக்ஸ் 1899இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி என்ற பெயரில் தொடங்கியது. ஊர் ஊராக ஆள் வைத்து, இன்னார் குடிப்பாரா, குடும்பம் எப்படி, நடத்தை எப்படி என்றெல்லாம் அக்கம்பக்கத்தில் விசாரித்துக் கோப்பு போட்ட நிறுவனம் அது. எதிர்ப்பு கிளம்பி 1970இல் அங்கே கடன் அறிக்கைகளுக்கான சட்டம் வந்தது. கடன் தருவதில் இனப் பாகுபாடு கூடாது என்பதையும் அதே பத்தாண்டில் சட்டமாக்கினார்கள். கறுப்பின மக்களும் பெண்களும் போராடி வாங்கியது அது. வதந்திக்குப் பதிலாக எண் வந்தது அதற்குப் பிறகுதான். எனவே எண் என்பது சூழ்ச்சியாகவே பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நேர்முகப் பாகுபாட்டுக்கு மாற்று என்ற வாக்குறுதியோடுதான் வந்தது.

நம் ஊரிலும் அந்த வாக்குறுதிக்கு அர்த்தம் உண்டு. எங்கள் தெருப் பையன் ஒருவன் போனிலேயே விண்ணப்பித்துப் பைக் கடன் வாங்கினான். அவன் தாத்தா ஐந்நூறு ரூபாய்க்கு ஊர்த்தெருவில் யார் வீட்டு வாசலில், எவ்வளவு தள்ளி நின்றார் என்பது எனக்குத் தெரியும். பேரன் யார் வாசலிலும் நிற்கவில்லை. இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் அவர்கள் வாசலில் நிற்காதவர்கள்.

அதனால் ஸ்கோரும் சாதியும் ஒன்று என்று மேடையில் கைதட்டு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. சாதி பிறப்பில் வந்து இறப்பிலும் போகாது. ஸ்கோர் மாறும். என் ஸ்கோரும் இப்போது ஏறியிருக்கிறது. கேள்வியை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் ஒரு கெட்ட மாதம் வரும். சம்பளம் தள்ளிப்போகும், ஆஸ்பத்திரிச் செலவு வரும், கம்பெனி மூடும். அந்த மாதத்தில் யார் தாங்குவார்கள் என்பதுதான் கேள்வி. விடுதியில் என் அறைத்தோழிக்கும் அதே ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. அவளும் தவணை கட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஒரு மாதம், மாமா ஒரு மாதம், வீட்டில் நெல் விற்ற பணம் ஒரு மாதம். அவள் கட்டங்களில் எல்லாம் பூஜ்யம். நல்ல தோழி, எனக்கும் இரண்டு மாதம் கொடுத்தவள் அவள்தான். அவள் என்னைவிட நாணயமானவள் என்று அந்த அறிக்கை சொல்கிறது. அவளே சிரிப்பாள் இதைக் கேட்டால். என் பக்கம் கணக்கு தலைகீழ். வீட்டில் முதலில் வருமானம் பார்த்தவள் நான் என்பதால் சித்தப்பாவின் கெட்ட மாதமும் அத்தையின் கெட்ட மாதமும் என் கணக்குக்குத்தான் வரும். அறிக்கையில் சாதிக்குக் கட்டம் இல்லை என்பது உண்மை. பெயர், பிறந்த தேதி, பான், கைபேசி எண், முகவரி, கடன்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த 30, 61, 91 எப்படி வந்தது என்று பின்னால் போனால் நிலம் வரும். 1892க்குப் பிறகு நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் கைமாறிப் போன கதை வரும். கெட்ட மாதத்தில் விற்க நெல் இல்லாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லையே.

அம்மாவின் கதை இன்னொரு வகை. இருபது ஆண்டுகளாகத் தண்டல் வாங்கிக் கட்டியவர். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆள் வந்து நிற்பான், ஒருநாள் தவறியதில்லை. அந்த ஒழுக்கம் எந்த அறிக்கையிலும் இல்லை. ஏனென்றால் வாங்கியவன் வைத்திருந்தது ஒரு சின்ன அட்டையும் பேனாவும். பிறகு குழுக் கடனுக்கு வந்தார். அது பதிவாகிறது. நான் அம்மாவின் அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். ஐந்து கடன், ஐந்தும் முடிக்கப்பட்டவை, ஒரு தவணைகூடத் தாமதம் இல்லை. மேலாளரிடம் அச்செடுத்துக் கொண்டு போய்க் காட்டினேன். "இதெல்லாம் மைக்ரோ ஃபைனான்ஸ் மேடம், இத்தனை வாங்கியிருக்காங்கன்னா கஷ்டத்துல இருக்காங்கன்னு அர்த்தம்" என்றார். கட்டாவிட்டாலும் தப்பு, ஒழுங்காகக் கட்டினாலும் தப்பு.

அந்தத் தவணைகள் எப்படித் தவறாமல் கட்டப்பட்டன என்பதுதான் என் ஆய்வு. குழுவில் ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் அவள் வீட்டுத் திண்ணையில் இருட்டும்வரை உட்கார வேண்டும். கலெக்‌ஷனுக்கு வருகிறவர் போக மாட்டார். தோடு போகும், ஆடு போகும், ரேஷன் அரிசி போகும். 2025இல் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டு வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் அறிக்கையில் அந்தத் திண்ணை தெரியாது. பூஜ்யம் மட்டும்தான் தெரியும்.

தம்பிக்குப் பணம் கடைசியில் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினோம். ஆண்டுக்கு 36 சதவீதம். ஸ்கோர் பார்க்காமல் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். எங்களால் கட்ட முடியாது என்று சந்தேகப்பட்டவர்கள் எங்களை மூன்று மடங்கு வட்டிக்கு அனுப்பி வைத்தார்கள்.

பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். குறைந்த சிபில் ஸ்கோரைக் காட்டி மாணவரின் கல்விக் கடன் விண்ணப்பத்தை வங்கி நிராகரிக்கக் கூடாது என்று 2023இல் கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருந்தது. எனக்கு அப்போது தெரிந்திருந்தால் அந்தத் தீர்ப்பை அச்செடுத்துக்கொண்டு போயிருப்பேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 ஜூனில் நம் சென்னை உயர்நீதிமன்றம், கடன் வரலாறு சரியில்லை என்று ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது சரியே என்றது. கடன்களைக் கட்டி முடித்துவிட்டேன் என்ற அவர் வாதம் எடுபடவில்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்கிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடன் கிடைக்காது என்பதோடு நிற்காமல் வேலை வரை இந்த எண் வந்துவிட்டது. வேலை இல்லாததால் கட்ட முடியாமல் போன கல்விக் கடன், வேலை கிடைக்கும்போது வந்து குறுக்கே நிற்கிறது. இடஒதுக்கீட்டில் தேர்வாகி வந்தவரையும் இந்த வாசலில் நிறுத்த முடியும் என்பதை நம் இயக்கங்கள் இன்னும் போதிய அளவு பேசவில்லை.

கடன் தருவதில் பால், சாதி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் சாதிவாரியாக எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை நிராகரிக்கப்பட்டது, சராசரி ஸ்கோர் என்ன என்று யாரும் வெளியிடாதபோது, பாகுபாடு இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்கிற நாம், வங்கிகளிடமும் அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேருக்கு இது உதவும். என் அறிக்கையில் நான் வாங்காத ஒரு பைக் கடன் இருந்தது. எனக்குச் சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. என் பெயர், என் இனிஷியல், ஒரே மாவட்டம் கொண்ட வேறொருவருடைய கடன். சாதிப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு இனிஷியலோடு நடக்கிற ஊர் நம்முடையது. விண்ணப்பப் படிவமோ 'குடும்பப் பெயர்' கேட்கிறது. ஒரு இடத்தில் அப்பா பெயரை எழுதுகிறோம், இன்னொரு இடத்தில் ஒற்றை எழுத்து, இன்னொன்றில் புள்ளி. முகவரியும் அப்படித்தான். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். என் அறிக்கையில் இன்னும் கதவு எண் இல்லாத அந்தக் 'காலனி'தான் இருக்கிறது.

அந்தப் பைக் கடனை நீக்கப் புகார் கொடுத்தேன். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை இணையத்தில் நீங்களே எடுக்கலாம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். தவறு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஸ்கோரை ஒரே வாரத்தில் ஏற்றித் தருகிறேன் என்று போனில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். இன்னொன்று, பாதித் தொகைக்குப் பேசி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று வரும், 'முடிக்கப்பட்டது' என்று வராது. கடன் மேளாவில் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் மூன்று பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

தம்பி இப்போது இறுதியாண்டு. அசலில் பாதி இன்னும் நிற்கிறது.

லேப்டாப் கொண்டுவந்திருக்கிறேன், தவணை கட்டி முடித்த அதே லேப்டாப். பான் எண் நினைவில் இருக்கிறவர்கள் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், உங்கள் அறிக்கையை இறக்கிப் பார்ப்போம். அம்மாவுடையதையும் பார்க்க நினைப்பவர்கள், ஓடிபி அவர் போனுக்கு வரும், முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ மோசடி என்று பயந்துவிடுவார்.