குளிர்நாட்டில் தயிர் தோய்த்தல்

வட இந்தியாவில் வந்து குடியேறிய நம்மவர் பலருக்கு முதற் குளிர்காலத்தில் நேரும் இடையூறு ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

தில்லியில் நாங்கள் கழித்த முதல் மார்கழியில், இரவில் உறை ஊற்றி வைத்த பால் காலையிலும் பாலாகவே இருந்தது. மறுநாளும் அவ்வாறே. எங்களுடன் வந்திருந்த அன்னையாருக்கோ இரவு உணவு என்றால் தயிர் சோறுதான். கடைத் தயிரை உறைக்கு மட்டும் ஒப்புக்கொண்டார், உண்ண மறுத்தார். நான்காம் நாள், "தயிர் தோயாத ஊரில் எனக்கென்ன வேலை? டிக்கெட் வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

பிழை பாலில் இல்லை. எங்கள் பழக்கத்தில் இருந்தது. நம் ஊரில் மூடி வைத்தாலே போதும். ஜனவரித் தில்லியிலோ இரவு வெப்பம் 5, 6 டிகிரிக்கும் இறங்கிவிடும். பாலிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 40 டிகிரி வெதுவெதுப்பு சில மணி நேரம் நீடிக்க வேண்டும். பால் விரைவில் குளிர்ந்தால் அவை செயலற்றுக் கிடக்கும். ஆகவே நமக்கு வேண்டியது கருவி அன்று, சூடு காக்கும் ஓர் இடமே.

அந்த இடத்தைக் காட்டியவர் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார். கோதுமை மாவு வைத்திருந்த பெரிய தகர டப்பாவைத் திறந்து, மாவில் குழி செய்து, துணி சுற்றிய பாத்திரத்தை அதில் புதைத்து மூடினார். அரிசி டப்பாவும் பழைய கம்பளியும்கூட இவ்வேலையைச் செய்யும்.

பாலை, பாக்கெட் பாலாயினும், பொங்கியவுடன் இறக்கிவிடாமல் இளந்தீயில் பத்து நிமிடம் கிளறிக் காய்ச்சினால் தயிர் கெட்டியாக அமையும். பிறகு ஆறவிட வேண்டும். எவ்வளவு என்பதற்கு வெப்பமானி வேண்டாம். கழுவிய சுண்டு விரலைப் பாலில் வைத்துப் பத்து எண்ணுங்கள். சுட்டாலும் பொறுக்க முடிந்தால் அதுவே பதம். விரலை வெடுக்கென்று எடுக்க நேர்ந்தால், அந்தச் சூட்டில் உறை செத்துப்போகும். அரை லிட்டர் பாலுக்குக் கோடையில் அரைத் தேக்கரண்டி உறை போதும். குளிர்காலத்தில் இரண்டு வேண்டும். குளிர்ந்த உறையை அப்படியே ஊற்றாமல், சிறிது வெதுவெதுப்பான பாலில் கரைத்துச் சேர்ப்பது நல்லது.

உறையே கிடைக்காத இடத்தில் இருப்பவர்கள், காம்புடன் கூடிய நாலைந்து பச்சை மிளகாயை வெதுவெதுப்பான பாலில் அமிழ்த்தி, சூடு போகாமல் ஒரு நாள் வைத்தால் பால் தளர்வாகத் தோயும். அதை உண்ண வேண்டாம். அடுத்த முறைக்கு உறையாகக் கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை இவ்வாறு மாற்றிய பின்னரே சுவை நேராகும்.

கோடையில் எல்லாம் தலைகீழ். மே மாதத்துப் பிற்பகலில் நான்கு மணி நேரத்திலேயே தோய்ந்து, கவனிக்காவிடில் புளித்தும் போகும். தோய்ந்தவுடன் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

உறை ஊற்றிய பாத்திரத்தை அசைத்தலும் திறந்து பார்த்தலும் கூடா. மாவு டப்பாவில் வைத்த முதல் இரவு அன்னையார் மும்முறை எழுந்து மூடியைத் திறந்தார். சூடு போயிற்று, தயிரும் போயிற்று. மறுநாள் இரவு டப்பாவின் மேல் இரண்டு தலையணைகளை அடுக்கினோம். காலையில் பாத்திரத்தைச் சாய்த்தும் தயிர் அசையவில்லை. அன்னையார் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்து, "மாவு வாசனை அடிக்கிறது" என்றார். டிக்கெட்டைப் பற்றிப் பிறகு அவர் கேட்கவில்லை.