பாலைவனத்தில் ஒரு மருத்துவமனை: அடிக்கல்லுக்கு முன் ஐந்து கேள்விகள்

(ஜும்ஆ உரை)

புகழனைத்தும் அகிலங்களின் அதிபதியாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஓர் உயிரை வாழவைப்பவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கின்றது. அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயமுற்றபோது, அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்கச் செய்தார்கள். நோயாளிக்கும் சிகிச்சைக்கும் இடையே தூரம் இருக்கலாகாது என்பதை இதிலிருந்து நாம் உணரலாம். பரந்த பாலைநிலத்தில் வாழும் மக்களுக்கு அந்தத் தூரமே பெரும் எதிரி. பிரசவ வேதனையில் துடிக்கும் ஒரு தாய்க்கு நூறு கிலோமீட்டர் மணற்பாதை என்பது வாழ்வா, சாவா என்னும் கேள்வியாகும்.

எனவே அத்தகைய ஊர்களில் மருத்துவமனை எழுப்புவது பெரும் நன்மையே. ஆனால், திட்டமிடாத நன்மை பாதி வழியில் நின்றுவிடும். யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளிலேயே பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளுக்காகத் திட்டமிட்டார்கள். திட்டமிடுவது தவக்குலுக்கு முரணானதன்று. அதன் ஒரு பகுதியே ஆகும். ஆகவே அடிக்கல் நாட்டுமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதல் கேள்வி: யாருக்காகக் கட்டுகிறோம்? இன்றிருப்பவர்களுக்காக மட்டுமா, நாளை வரப்போகிறவர்களுக்காகவுமா? மௌரித்தானியாவின் தலைநகர் நுவாக்‌ஷோட்டைப் பாருங்கள். 1958-இல் அட்லாண்டிக் கரையோர மணல்வெளியில், சுமார் 15,000 பேருக்கென அந்நகரம் திட்டமிடப்பட்டது. 1970-களின் கொடிய வறட்சியில் கால்நடைகளை இழந்த நாடோடி மக்கள் அதை நோக்கிக் கூட்டங்கூட்டமாக வந்தனர். இன்று அங்கு வசிப்போர் பத்து இலட்சத்திற்கும் அதிகம். பாலைவன ஊர் மெல்ல வளர்வதில்லை. ஒரு வறட்சியோ ஒரு போரோ அதைச் சில ஆண்டுகளிலேயே பன்மடங்காக்கிவிடும். ஆதலால் முதற்கட்டக் கட்டடம் சிறியதாக இருப்பினும், வளாகத்திற்கான நிலம் பெரியதாக இருக்கட்டும். அடுத்த கட்டடம் எங்கே எழும் என்பதை இன்றே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும்.

இரண்டாம் கேள்வி: தண்ணீர் எங்கிருந்து வரும்? வெள்ளம் எங்கே போகும்? நுவாக்‌ஷோட் நெடுங்காலம் தொலைவிலிருந்த இதீனி கிணறுகளை நம்பியிருந்தது. 2010-இல்தான் செனகல் ஆற்று நீர் குழாய் வழியே அதை வந்தடைந்தது. ஒரு நாள் தண்ணீர் நின்றால் அறுவைச் சிகிச்சை நிற்கும், கைகழுவுதலும் நிற்கும். நிலத்தை இலவசமாகத் தருகிறார்கள் என்பதற்காகத் தாழ்வான வாதியில் கட்டிவிடவும் கூடாது. 2009 நவம்பரில் ஜித்தாவில் சில மணி நேரம் பெய்த மழையின் வெள்ளம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. வறண்ட ஓடையும் ஓடைதான் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாம் கேள்வி: கட்டடம் அந்த மண்ணுக்கு ஏற்றதா? கண்ணாடிச் சுவர்கள் கண்ணுக்கு அழகு. பாலை வெயிலிலோ அவை அடுப்பாகிவிடும். கனமான சுவர்களும், நிழல் தரும் முற்றங்களும், புழுதியைத் தடுக்கும் வடிகட்டிகளும்தான் அங்கே அழகு. காத்திருக்கும் உறவினருக்கும் நிழல் வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2012-இல் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட மெர்ஸ் என்னும் சுவாச நோய், 2014, 2015 ஆண்டுகளில் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவிப் பலரைப் பாதித்தது. காய்ச்சலும் இருமலுமாய் வருவோருக்குத் தனி நுழைவாயிலும் தனி அறைகளும் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும் என்பது அது தந்த படிப்பினை.

நான்காம் கேள்வி: உள்ளே பணிபுரிவோர் யார்? போரினால் சிதைந்த ஹர்கெய்சா நகரில் மகப்பேறு மருத்துவமனை எழுப்பிய எத்னா ஆதன் என்ற பெண்மணியின் வரலாறு இதற்குத் தகுந்த விடையாகும். உலகச் சுகாதார நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர், தம் சேமிப்பையும் உடைமைகளையும் இதற்கே செலவிட்டார். குப்பை கொட்டப்பட்ட நிலமே அவருக்குக் கிடைத்தது. 2002-இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே உள்ளூர் இளம்பெண்களைச் செவிலியராகப் பயிற்றுவிக்கத் தொடங்கிவிட்டார். சுவர் எழும்போதே கைகளையும் உருவாக்கினார்! வெளியூரிலிருந்து வரும் மருத்துவர் ஒருநாள் திரும்பிச் செல்வார். அம்மண்ணின் மகளோ அங்கேயே இருப்பாள். ஆகவே வளாகத்தில் பயிற்சிப் பள்ளிக்கும், பணியாளர் குடும்பங்களுக்கான வீடுகளுக்கும் இடம் ஒதுக்குவது ஆடம்பரமன்று.

ஐந்தாம் கேள்வி: பத்தாவது ஆண்டில் செலவுக்கு யார் பொறுப்பு? நம்மில் பலரும் மறந்துவிடும் கேள்வி இது. கட்டுவதற்குக் கொடுக்கும் கைகள் பல. மின்கட்டணத்திற்கும் மருந்துக்கும் சம்பளத்திற்கும் கொடுக்கும் கைகள் சில. நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். டமாஸ்கஸில் நோயுற்ற கலாவூன், நூருத்தீன் எழுப்பிய மருத்துவமனையின் மருந்துகளால் குணமடைந்தார். தாமும் அதுபோன்று ஒன்றை எழுப்புவதாக நேர்ந்துகொண்டார். பின்னர் சுல்தானாகி, ஹிஜ்ரி 683-இல், அதாவது 1284-இல், கெய்ரோவில் அதை நிறைவேற்றினார். ஏழை, செல்வர், உள்ளூரார், வெளியூரார், ஆண், பெண் அனைவருக்கும் அங்கே சிகிச்சை உண்டு. அதன் அன்றாடச் செலவுகளுக்கென வருவாய் தரும் சொத்துக்களையும் அவர் வக்ஃப் செய்தார். அந்த வக்ஃபினால்தான் அவர் மறைந்த பின்னரும் நூற்றாண்டுகள் அது இயங்கியது.

அன்பிற்குரியவர்களே! மரணத்திற்குப் பின்னும் தொடரும் நன்மைகளுள் ஒன்று ஸதகத்துல் ஜாரியா என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். 'ஜாரியா' என்றால் ஓடிக்கொண்டே இருப்பது. பூட்டிக் கிடக்கும் மருத்துவமனை ஓடுவதில்லை. நாளை உங்களிடம் ஒரு மருத்துவமனைக்காக நிதி கேட்டு வந்தால், தாராளமாகக் கொடுங்கள்; கொடுக்கும்போதே இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். கேட்பது சந்தேகமன்று, அமானிதத்தைப் பேணுவதாகும். கல்வெட்டில் பெயர் வர ஒரு தொகை கொடுப்பவர் இருக்கட்டும். நீங்கள் ஒரு செவிலியரின் ஓராண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் கைகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் முதல் அழுகையிலும் உங்களுக்கு, இன்ஷா அல்லாஹ், பங்குண்டு.

எல்லாம் வல்ல அல்லாஹ், தொலைவில் துடிக்கும் நோயாளிகளுக்கு நிவாரணம் அருள்வானாக! நம் பொருளை நிலைத்த நன்மைகளில் செலவிடும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.