எழுதாமல் விட்ட ஒரு வரி

2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு இணையத்தளம் நடத்துவோர் நம்மிடையே பலர். அதனைக் கட்டளைகளால் இயக்கும் கருவியில் 'போஸ்ட் டிலீட்' என்றால், கட்டுரை குப்பைத் தொட்டிக்குப் போகும்; மீட்டுக்கொள்ளலாம். 'ஃபோர்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்தாலோ, அடியோடு அழிந்துவிடும்.

ஐயம் வந்தால் ஊழியர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். இன்று அவ்வேலையை ஏற்கும் செயற்கை நுண்ணறிவு முகவரோ, பெரும்பாலும் நாம் எழுதிவைத்த குறிப்பையே நம்பிச் செயல்படுகிறது. 'கவனமாகப் பயன்படுத்துக' என்பது அதற்குப் போதாது.

ஆகவே, ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும், எதை மாற்றும், மீட்க முடியுமா, யாரிடம் அனுமதி பெறவேண்டும் என்னும் நான்கையும் தெளிவாக எழுதிவைப்போம். எழுதாமல் விட்ட ஒரு வரி, பல்லாண்டு உழைப்பை நொடியில் அழித்துவிடக் கூடும்.