கவசக் கெளிறும் அதன் குஞ்சுகளும்



வீட்டிலே கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்போர் நம்மிடையே பலர் உளர். அவர்களிற் பெரும்பாலார் தொட்டியின் அடியை மீசையாற் கிளறித் திரியும் சிறு கெளிறு ஒன்றை வாங்கி விடுவதுண்டு. ஏனைய மீன்களின் எச்சத்தையும் கழிவையும் தின்று அது தொட்டியைத் துப்புரவாக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை தவறானது. கொரிடோராஸ் என்னும் இம்மீன் கழிவைத் தின்பதில்லை. மிச்சத்தை நம்பித் தனியே விடப்பட்டால் அது மெலிந்து மடியும். முறையறிந்து பேணினாலோ நம் கண்முன்னே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அம்முறையையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

இதன் தாயகம் தென்னமெரிக்கா. தலைக்கவசம், தோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அமைந்தது இதன் பெயர். உடலின் இருபுறமும் செதிலுக்குப் பதிலாக இரு வரிசை என்புத் தகடுகள் உள. தார்வின் பீகிள் கப்பலிற் சென்றபோது சேகரித்த புள்ளிக் கெளிறு 1842இல் விவரிக்கப்பட்டது. திரினிடாட் தீவில் எடுக்கப்பட்ட வெண்கலக் கெளிறு 1858இல் விவரிக்கப்பட்டது. 2024இல் அறிஞர் இவ்வினத்தொகுதியைப் பல பேரினங்களாகப் பிரித்தபோது இவ்விரண்டும் புதுப் பெயர்களைப் பெற்றன. எனினும் வளர்ப்போர் நாவிற் பழைய பெயரே நிலைத்துள்ளது.

இம்மீன் இடையிடையே மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிச் செல்லும். அக்காற்றிலுள்ள ஒட்சிசனை அதன் குடல் உறிஞ்சிக்கொள்கின்றது. ஆதலால் நீர்மட்டத்திற்கும் மூடிக்கும் இடையே சிறிது வெளி விடுதல் வேண்டும்.

தொட்டி அறுபது சென்ரிமீற்றர் நீளமுடையதாயின் நன்று. கூரிய பரற்கற்கள் மீசையைத் தேய்த்துவிடும். கழுவிய மென்மணலே தக்கது. இது கூட்டமாக வாழும் மீன். ஆறேனும் சேர்த்து வளர்த்தல் வேண்டும். மேலிருந்து நோக்குங்கால் அகன்று பருத்திருப்பது பெண், ஒடுங்கியிருப்பது ஆண். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற அளவு ஏற்றது. புதுத்தொட்டியில் உடனே மீனை விடலாகாது. கழிவிலிருந்து தோன்றும் அமோனியா என்னும் நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும்.

நகரங்களிலே குழாய்நீரிற் குளோரின் கலந்திருக்கும். அதனை நீக்கிய பின்னரே பயன்படுத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாங்கான நிலத்துக் கிணற்றுநீரோ வன்மை மிக்கது. அதனுடன் தூய மழைநீரைக் கலந்தால் வன்மை குறையும். வெண்கலக் கெளிற்றுக்கு 22 முதல் 26 பாகை வரையான வெப்பம் உகந்தது. புள்ளிக் கெளிறு இன்னுங் குளிர்ச்சியை விரும்பும். மலைநாட்டு நேயர்களுக்கு அதுவே ஏற்றது. தாழ்நிலத்தில் உள்ளோர் தொட்டியை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

முட்டையிடுவதற்கு முன் சில வாரங்கள் நல்ல உணவு கொடுத்தல் அவசியம். குருதிப்புழு, நீர்த்தெள்ளு முதலியவற்றை விளக்கணைந்த பின் இட்டால் அடியில் வாழும் இம்மீனுக்கு அவை தவறாது கிட்டும். நுளம்புக் குடம்பியும் நல்லுணவே. ஆயினும் அதற்காக முற்றத்திலே பாத்திரத்தில் நீர் தேக்கி வைத்தல் ஒருபோதும் கூடாது. டெங்குக் காய்ச்சல் உயிர் குடிக்கும் நாடு நமது. 2007ஆம் ஆண்டு முதல் நுளம்பு பெருக இடமளித்தல் சட்டப்படியுங் குற்றம்.

தாயகத்திலே மழைக்காலத்துப் புதுநீர் வரும்போது இம்மீன்கள் இனம்பெருக்கும். அதனைப் போலவே நாமும் தொட்டிநீரில் மூன்றிலொரு பங்கை இறைத்து, இரண்டு மூன்று பாகை குளிர்ந்த நீரை மெல்ல ஊற்றலாம். வடகீழ்ப் பருவமழை பொழியும் நாட்கள் இதற்கு வாய்ப்பானவை என்பர் அனுபவமுடையோர்.

அப்போது ஆண்கள் பெண்ணைத் தொடரும். பெண் ஆணின் வயிற்றருகே வாயை வைத்துக் குறுக்காக நிற்கும். பெண் ஆணின் விந்தணுக்களை விழுங்க, அவை குடல்வழியே விரைந்து சென்று வெளிப்பட்டு, வயிற்றுத் துடுப்புகளிடையே ஏந்திய முட்டைகளைக் கருவுறச் செய்கின்றன. வெண்கலக் கெளிற்றில் இதனை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் 1995இல் வெளியிட்டனர். பின்பு பெண் இடந்தேடிக் கண்ணாடியிலோ இலையிலோ அம்முட்டைகளை ஒட்டும். சிலசிலவாக மணிக்கணக்கில் ஒட்டி, நூற்றுக்கு மேலும் இடுவதுண்டு.

முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிடும். ஆதலின் ஓரிரு மணி கழித்து, அவை சற்று இறுகியதும், விரலால் மெல்ல உருட்டி எடுத்து, அதே நீர் நிறைந்த சிறு தொட்டிக்கு மாற்றுக. காற்றுக்குமிழி மென்மையாகச் செல்லட்டும். வெளுத்துப் பூஞ்சணம் பற்றிய முட்டையை உடனே நீக்காவிடில் அருகிலுள்ளதையும் அது கெடுக்கும். மூன்று முதல் ஐந்து நாட்களிற் குஞ்சு வெளிவரும். முதலிரு நாட்கள் கருவூண் பை அதற்குப் போதும். அதன்பின், பொரித்த உப்புநீர் இறால் குஞ்சையோ நுண்புழுவையோ நாளுக்குப் பலமுறை சிறிது சிறிதாக ஊட்டுக. மிஞ்சிய உணவை அகற்றி, நாடோறும் சிறிது நீர் மாற்றுக. குஞ்சுகள் மடிவது பெரும்பாலும் அழுக்கு நீரினாலேயே. பெரிய மீனை இடம்மாற்றும்போது வலை வேண்டா. துடுப்பு முள் வலையிற் சிக்கும். கண்ணாடிக் குவளையே நன்று.

ஈற்றில் ஒரு முக்கிய வேண்டுகோள். நூறு குஞ்சுகள் வளர்ந்தால் வீட்டில் இடம் போதாது. அப்போது, உயிரைக் கொல்லலாகாதே என்னும் இரக்கத்தால், அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடச் சிலர் எண்ணுவர். தொட்டி துப்புரவாளன் என்று விற்கப்பட்ட பெருங் கெளிறும், அழகுக்காகக் கொணரப்பட்ட கத்தி மீனும் அவ்வாறு நம் நீர்நிலைகளிற் புகுந்து, நாட்டு மீன்களுக்கும் மீனவர்க்கும் தொல்லையாகியுள்ளன. நம் குளங்களில் நமக்கே உரிய மீன்கள் வாழ்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாதனவும் நம் நீரோடைகளில் உள. ஆகவே, குஞ்சுகளை யாரிடம் கொடுப்பது என்பதை முட்டை காணுமுன்பே முடிவு செய்தல் வேண்டும். மீன் விற்போர் வாங்கிக்கொள்வர். பள்ளிக்கூடங்களும் விரும்பி ஏற்கும். இடமில்லையேல் முட்டைகளைப் பிரித்தெடுக்காது விட்டுவிடுக. பெற்ற மீன்களே அவற்றை உண்டுவிடும்.

சிறுவர் ஒருவரிடம் இத்தொட்டியை ஒப்படைக்கும் பெற்றோர், உணவிடும் பொறுப்போடு இப்பொறுப்பையும் சேர்த்தே ஒப்படைப்பார்களாக.