காரில் ஒட்டிய தார்

புதிதாகத் தார் போட்ட சாலையில் போய்வந்தால், காரின் சக்கரத்துக்குப் பின்னாலும் கதவின் அடியிலும் கறுப்புப் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீருக்கு அவை அசையாது. தார், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் கசடு. அதனால் எண்ணெய் பட்டால் இளகும்.

வண்டியை நிழலில் நிறுத்தி, முதலில் மண் போகக் கழுவுங்கள். மெல்லிய துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு, புள்ளிமேல் சில நிமிடம் வைத்திருங்கள். கறுப்பு பழுப்பாகக் கரையத் தொடங்கியதும் அழுத்தாமல் துடையுங்கள். துணியை அடிக்கடி மடித்துத் திருப்புங்கள். தாரோடு வரும் மணல்தான் பெயிண்டைக் கீறும். பிளேடால் சுரண்டவே வேண்டாம். தின்னர் பெயிண்டையும் பிளாஸ்டிக் பட்டையையும் கெடுத்துவிடும். கடைசியில் ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, அந்த இடத்தில் வேக்ஸ் பூசுங்கள். நாள் கடந்தால் தார் இறுகிவிடும். பார்த்த அன்றே துடைத்துவிடுங்கள்.