டாக்டருக்கும் ஒரு துணை வருமானம்



ஆம்பூர், வாணியம்பாடி தெருக்களில் சின்னதாகக் கிளினிக் நடத்தும் டாக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். வாடகை, கம்பவுண்டர் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் அவர்கள் தலையில்தான். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானம் போச்சு. ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்தும் கையில் மிஞ்சுவது கொஞ்சம் என்றால், மனசு சலித்துத்தான் போகும்.

சென்னை வியாசர்பாடியில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயரெடுத்தவர் திருவேங்கடம் வீரராகவன். 1973-ல் இரண்டு ரூபாய் வாங்கத் தொடங்கியவர், 2020-ல் மறையும்வரை ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். அவரால் அது எப்படி முடிந்தது? தொழிலக மருத்துவம் படித்து, அந்தத் துறையிலும் வேலை பார்த்தார். அந்தச் சம்பளம் கைகொடுத்தது.

இந்த வழி தோல் பதனிடும் நம் பக்கத்துக்கும் பொருந்தும். தொழிற்சாலைகள் சட்டத்தின் 1987 திருத்தம், தோல் பதனிடுவதை அபாயகரமான தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. தோல் பதனிடும்போது குரோமியம் பட்டு விரலிடுக்கில் புண்ணாகிறதே, அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கத் தெரிந்த டாக்டர் தோல் ஷாப்புகளுக்கு அவசியம். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்குத் தொழிலக மருத்துவத்துக்கென்றே மூன்று மாதப் படிப்பு இருக்கிறது. டாக்டருக்கு நிலையான வருமானம், தொழிலாளிக்குப் பாதுகாப்பு.

நாமும் ஒன்று செய்யலாம். தெரு டாக்டருக்கு ஃபீஸ் பாக்கி இருந்தால், இன்றைக்கே கொடுத்துவிடுவோம்.