தம் உடையைத் தாமே தைக்கும் கலை

(ஆலயத் திருவிழாவையொட்டி மகளிர் பகுதியினர் ஏற்பாடு செய்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

உண்ணும் உணவை வீட்டிலேயே சமைப்பதில் பெருமை கொள்ளும் குடும்பங்கள், உடுக்கும் உடையை வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் வழக்கத்தை ஏறத்தாழ மறந்துவிட்டன. ஒரு தலைமுறைக்கு முன்னர் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. மலேசியத் தோட்டப்புற வீடுகளிலும், சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளிலும் கால்மிதித் தையல் இயந்திரம் குடும்பத்தின் உறுப்பினர் போலவே இடம்பெற்றிருந்தது. தீபாவளி நெருங்கிவிட்டால் இரவு நெடுநேரம் வரை அதன் ஓசை கேட்டுக்கொண்டிருக்கும். இன்று அவ்வியந்திரங்கள் பல, மேலே ஒரு துணி விரிக்கப்பெற்று, பூச்சாடி வைக்கும் மேசையாக நிற்கின்றன. இயந்திரம் பழுதடையவில்லை. அதனை இயக்கத் தெரிந்த கைகளுக்கு வாரிசு இல்லாமல் போயிற்று.

தையல் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களைக் கூறுமிடத்தில் துன்னகாரரையும் குறிப்பிடுகின்றது. துன்னுதல் என்றால் தைத்தல். தம் கையால் நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்க்கு வழங்கிய நேச நாயனாரைப் பெரியபுராணம் போற்றுகின்றது. உடையை ஆக்கித் தரும் கை, வணங்கத்தக்க கையாகவே மதிக்கப்பெற்று வந்துள்ளது.

கையால் தைத்த காலம் மாறி இயந்திரம் வந்த வரலாறும் அறியத்தக்கதே. பிரான்சு நாட்டில் தீமோனியே என்பவர் 1830ஆம் ஆண்டில் ஒரு தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் அடுத்த ஆண்டே அவருடைய பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தெறிந்தனர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே 1846ஆம் ஆண்டிலும், ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டிலும் காப்புரிமை பெற்றனர். சிங்கர் நிறுவனம் 1856ஆம் ஆண்டில் தவணை முறையில் இயந்திரங்களை விற்கத் தொடங்கியது. முழுப் பணம் இல்லாத குடும்பமும் மாதந்தோறும் சிறுதொகை கட்டி இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவர இயன்றது. மனித உழைப்பை இடம்பெயர்க்கும் இயந்திரங்களைக் கடிந்த காந்தியடிகள்கூட, 1924ஆம் ஆண்டில், தையல் இயந்திரத்திற்கு விலக்களித்தார். அது மனிதரை விரட்டாமல் மனிதரின் சுமையைக் குறைக்கும் கருவி என்பது அவர் கருத்து.

இனி ஒரு வினாவுக்கு விடை காண வேண்டும். கடைகளில் மலிவான ஆயத்த ஆடைகள் குவிந்துகிடக்கும்போது தையல் கற்றுக்கொள்வதால் என்ன பயன்? பணம் மிச்சமாகும் என்று முன்பு எளிதாக விடை கூறிவிடலாம். இன்று அவ்விடை முழு உண்மையாகாது. துணி, நூல், பொத்தான் ஆகியவற்றின் விலையையும் செலவிடும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், ஒரு சாதாரணச் சட்டை கடையில் மலிவாகவே கிடைக்கும். தொடக்கநிலையினர் பலர் இந்தக் கணக்கைப் பார்த்த பின்னரே ஊக்கம் இழக்கின்றனர்.

ஆனால் கணக்கு அங்கே முடிந்துவிடவில்லை. தைக்கத் தெரிந்தவரின் வீட்டில் ஓர் ஆடையின் ஆயுள் நீள்கின்றது. அறுந்த பொத்தான், பிரிந்த தையல், பழுதான ஜிப்பு ஆகியவற்றுக்காக ஒரு நல்ல ஆடை குப்பைக்குப் போவதில்லை. பள்ளிச் சீருடையின் கீழ் மடிப்பை அகலமாக வைத்துத் தைத்து, பிள்ளை வளர வளர அதனைப் பிரித்து இறக்கிவிட்ட அன்னையரின் சிக்கனம் சிறு சிக்கனமன்று. கணவரின் வருமானம் போதாத காலத்தில், அல்லது கணவரே இல்லாமற்போன காலத்தில், அண்டை அயலாருக்கு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்களை அறியாத தமிழ்க் குடியிருப்பு இந்நாடுகளில் இருக்க முடியாது. அவர்களுக்குத் தையல் பொழுதுபோக்காக இருந்ததில்லை; பிறர் கையை எதிர்பாராமல் நிற்க உதவிய துணையாக இருந்தது.

மற்றொரு பயனும் உண்டு. தைத்துப் பார்த்தவருக்கே ஓர் உடைக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியுள்ளது என்பது விளங்கும். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், வங்காளதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள். முதல் நாளே சுவர்களில் வெடிப்புகள் தென்பட்டும் அவர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டிருந்தனர். மலிவான சட்டையின் விலையை வேறு யாரோ செலுத்துகின்றனர் என்பதனை அந்தத் துயரம் உலகுக்கு உணர்த்தியது. ஒரு கழுத்துப் பட்டையைத் தைக்க அரை நாள் போராடியவர், பிறர் தைத்த சட்டையை அலட்சியமாகத் தூக்கி எறியமாட்டார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதற் பிழை, முதல் நாளிலேயே ரவிக்கை தைக்க முற்படுவதாகும். ரவிக்கை உடலோடு ஒட்டி நிற்கும் உடை. கைக்குழி, கழுத்து வளைவு, மார்புப் பகுதியில் பிடிக்கும் டார்ட் ஆகிய யாவும் அதில் உள்ளன. அரை அங்குலம் தவறினாலும் அணிய இயலாது. அத்தகைய ஒன்றைக் கெடுத்துவிட்டு, "தையல் எனக்கு வராது" என்று ஒதுங்கியவர்கள் மிகப் பலர்.

முதற்பாடத்துக்குத் துணியே தேவையில்லை. கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து, ஊசியில் நூல் கோக்காமல், கோட்டின் மேலேயே இயந்திரத்தை ஓட்டிப் பழக வேண்டும். துளைகள் கோட்டைவிட்டு விலகாமல் இருந்தால் கை நேராகிவிட்டது என்று பொருள். கால்மிதி இயந்திரமாயின், சக்கரம் தைப்பவரை நோக்கிச் சுழலுமாறு மிதிக்கக் கால் பழக வேண்டும். எதிர்த்திசையில் சுழன்றால் நூல் சிக்கும் அல்லது அறுந்துவிடும். பின்னர் மேல்நூலையும் பாபின் நூலையும் கோத்து, பழைய பருத்தித் துணியில் தைத்துப் பார்க்கலாம். இரண்டு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே இயந்திரத் தையல். அடிப்பக்கத்தில் நூல் சுருள் சுருளாகத் தொங்கினால், பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோக்கப்படவில்லை. இயந்திரத்தைக் குறைகூறுமுன் நூலை எடுத்துவிட்டு மீண்டும் கோப்பதே முறை. ஊசியும் துணிக்கேற்ப மாற வேண்டும். மெல்லிய வாயில் துணிக்கு 9 அல்லது 11ஆம் எண், சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த ஜீன்ஸ் துணிக்கு 16 பொருந்தும்.

அடுத்ததாகத் துணியை அறிய வேண்டும். பருத்தித் துணியை வெட்டுமுன் நீரில் நனைத்து உலர்த்தித் தேய்த்துக்கொள்வது இன்றியமையாதது. இல்லையேல் தைத்த உடை முதற் சலவையில் சுருங்கிவிடும். துணியின் கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் அதிகம் இழுபடாது. அதனால் உடையின் நீளம் பெரும்பாலும் கரையை ஒட்டியே அமைகின்றது. மூலைவாட்டில் இழுத்தால் துணி நெகிழும். அவ்வாறு மூலைவாட்டில் வெட்டுவதையே தையற்காரர்கள் 'கிராஸ்' என்பர். கழுத்து வளைவுக்குப் பட்டி வைக்க அது உதவும். வெட்டும்போது தையலுக்கென ஓரத்தில் 1.5 சென்டிமீட்டர் விடுவது புதியவர்களுக்கு ஏற்றது. இருமுறை அளந்தபின் ஒருமுறை வெட்டுபவருக்குத் துணி வீணாவதில்லை.

தைக்கும் பொருள்களை ஒரு படிவரிசையில் மேற்கொள்ளலாம். முதலில் தலையணை உறை. அடுத்து, கடைக்கு எடுத்துச் செல்லும் துணிப்பை. அதன் பின்னர்த் திரைச்சீலை. இவை யாவும் நேர்த்தையல்களே. ஆலயத்தில் சன்னதி முன் இடப்பெறும் எளிய திரையும் நான்கு ஓரங்களை மடித்துத் தைப்பதே என்பதால், கற்றுக்கொள்ளும் கை செய்யக்கூடிய முதல் திருப்பணியாகவும் அது அமையலாம். நான்காவதாக, சேலைக்குள் அணியும் நாடா வைத்த பாவாடை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரையுள்ள நீளத்தோடு, நாடா செல்லும் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டால் போதும். ஐந்தாவதாகக் குழந்தைக்கு ஒரு கவுன். இவற்றுக்குப் பிறகே ரவிக்கை. அப்போதும், நன்றாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் பிரித்து, பகுதி பகுதியாகச் செய்தித்தாளின் மேல் விரித்து வரைந்துகொண்டால், அதுவே சிறந்த மாதிரியாகும்.

ஒவ்வோர் அடியிலும் தையலைப் பிரிக்க நேரும். அதனைத் தோல்வியாகக் கருதலாகாது. கைக்குழியில் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிடாத தையற்காரர் உலகில் இல்லை. கோணலான தையலை "யார் பார்க்கப்போகிறார்கள்" என்று விட்டுவிடுபவரின் கை கோணலுக்கே பழகிவிடும். பொறுமையுடன் பிரித்து மீண்டும் தைப்பவரின் கை நாளடைவில் திருந்திவிடும். இயந்திரத்தோடு கத்தரிக்கோலையும் அளவுநாடாவையும் வாங்குபவர்கள், தையல் பிரிக்கும் சிறு கருவியையும் தவறாமல் வாங்கிக்கொள்வது நல்லது.

பின்னல் வேலையும் இத்தகையதே. வெப்ப நாட்டில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேமரன் மலையின் குளிரில் வாழ்வோருக்கு அது தேவைப்படுகின்றது. குளிரூட்டப்பெற்ற அலுவலகங்களில் பணிபுரிவோருக்கும் தேவைப்படுகின்றது. பிறந்த குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் பின்னிக் கொடுக்கும் பாட்டிமார்கள் இன்றும் உள்ளனர். பருத்தி நூலிலும் பின்னலாம். இரண்டு ஊசிகளும் ஒரு நூற்கண்டுமே முதலீடு. நூலை ஊசிக்குப் பின்னால் வைத்து எடுக்கும் 'நிட்', முன்னால் வைத்து எடுக்கும் 'பர்ல்' என்னும் இரண்டே கண்ணிகளால் எத்தனையோ வகைப் பின்னல்கள் அமைகின்றன. நிட் கண்ணியை மட்டுமே திரும்பத் திரும்பப் போட்டு ஒரு நீண்ட கழுத்துத்துணியைப் பின்னுவது முதற் பயிற்சிக்குப் போதுமானது.

உடை பின்னத் தொடங்குமுன், சிறு சதுரம் ஒன்றைப் பின்னி அளந்து பார்ப்பது கட்டாயம். குறிப்பில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள் என்றிருக்க, பின்னுபவரின் கை தளர்வாக இருந்து 20 கண்ணிகளே வருவதாக வைத்துக்கொள்வோம். 50 சென்டிமீட்டர் அகலத்துக்கென 110 கண்ணிகள் போட்டால், துண்டு 55 சென்டிமீட்டராக வந்து நிற்கும். முன்னும் பின்னும் சேர்த்து 10 சென்டிமீட்டர் கூடிவிடும். பல வாரங்கள் பின்னிய உடை யாருக்கும் பொருந்தாமல் போவதற்கு, அரைமணி நேரச் சோதனையைத் தவிர்த்ததே காரணமாக இருக்கும்.

இவற்றையெல்லாம் இன்று காணொளிகள் வழியாகவும் கற்கலாம், அது நன்மையே. ஆயினும் காணொளி தன் கையைக் காட்டுமே தவிர, கற்பவரின் கையைப் பார்க்காது. நூல் ஏன் அறுகிறது, துணி ஏன் சுருங்குகிறது என்பதனைப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரே ஒரு பார்வையில் கண்டு சொல்வார். அத்தகைய தாய்மார்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்கு வயதாகிவிட்டது, ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. கண்ணால் இயலாததைச் சொல்லால் கற்பிக்க அவர்களால் இயலும். கேட்டுக்கொள்ள ஒருவர் அருகில் அமர வேண்டும், அவ்வளவே. பேத்திதான் அமர வேண்டும் என்பதில்லை. தையற்கடை நடத்திக் குடும்பம் காத்த ஆண்கள் எத்தனையோ பேர் இருக்க, பேரனும் தாராளமாக அமரலாம்.

ஆகவே, இத்திருவிழா முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும், வீட்டில் பழைய இயந்திரம் இருப்பின் அதன் மேலுள்ள பூச்சாடியை எடுத்து வைத்துவிட்டு, சக்கரத்துக்குச் சிறிது எண்ணெய் விடலாம். இயந்திரம் இல்லாத வீட்டில் ஓர் ஊசியும் நூலும் போதும். அறுந்த பொத்தானிலிருந்து தொடங்கலாம். ஆலய மண்டபத்தில் வாரம் ஒரு மாலை, தெரிந்தவர் அமர்ந்து தெரியாதவருக்குக் கற்பிக்க இடம் கிடைக்குமானால், அடுத்த ஆண்டுத் திருவிழாவின்போது தம் கையால் தைத்த பாவாடையை உடுத்தி வரும் சிறுமியரைக் காணும் பேறு அனைவருக்கும் கிட்டும்.